ஃப்ளை1 பச்சை மீன்: வாங்கி வளர்க்கலாமா?

கருவில் இரத்தக் குழாய் எப்படி முளைக்கிறது, இரத்த அணு எங்கிருந்து கிளம்புகிறது என்று ஆராய வரும் தம்பி தங்கைகள் "அக்கா, முதல்ல எந்த மீனை வாங்கிப் போடுறது?" என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். இரத்தக் குழாய்கள் பச்சையாக ஒளிரும் ஜீப்ராமீனான ஃப்ளை1 ஜி.எஃப்.பி., அதிலும் ஒய்1 என்ற எண்ணோடு வரும் பழைய வகை. ஜெர்மனியில் ஓர் ஆய்வகத்தில் இதே வேலையாக இருக்கிறேன். மீன் அறைப் பொறுப்பும் என் தலையில்தான். தொட்டி கழுவுவதில் தொடங்கி கன்ஃபோகல் நுண்ணோக்கி முன்னால் இரவு முழுக்க உட்காருவது வரை இந்த மீனோடு பழகியவள் என்ற முறையில் எழுதுகிறேன். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரையை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதையும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த மீனை நம்பினால் முடிவே தப்பாகிவிடும்.

ஜீப்ராமீன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அலங்கார மீன் கடைகளில் கூட்டமாக ஓடும் கோடு போட்ட சின்ன மீன்தான். கங்கைச் சமவெளியின் மீன் இது. ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் தன் கங்கை மீன்கள் நூலில் விவரித்தார். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து யூஜீன் நகரில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இதை மரபியல் ஆராய்ச்சிக்குப் பழக்கினார்; அவருடைய முக்கியமான கட்டுரை 1981இல் வந்தது. அதற்குப் பிறகு ட்யூபிங்கனிலும் பாஸ்டனிலும் இரண்டு பெரிய குழுக்கள் ஆயிரக்கணக்கில் மியூட்டண்ட்களை, அதாவது ஏதோ ஒரு மரபணு பழுதான மீன்களை, தேடிப் பிடித்து, 1996 டிசம்பரில் ஒரே இதழில் கொட்டின. இரத்தமே இல்லாத கரு, இரத்தம் வாலுக்குப் போகாத கரு, இதயம் துடித்தும் ஓட்டம் இல்லாத கரு என்று எல்லாம் அதில் உண்டு.

மியூட்டண்ட் கையில் இருந்தும் குழாயைப் பார்ப்பது பெரும்பாடு. ஒன்று, கருவைக் கொன்று பதப்படுத்திச் சாயம் ஏற்ற வேண்டும். அப்போது கிடைப்பது அந்த ஒரு நேரத்துப் படம் மட்டும். அல்லது மெல்லிய கண்ணாடி ஊசியால் உயிருள்ள கருவின் சிரைக்குள் ஒளிரும் சாயம் ஏற்ற வேண்டும். இசோகாய், ஹொரிகுச்சி, வைன்ஸ்டைன் மூவரும் 2001இல் வெளியிட்ட குழாய் வரைபடத் தொகுப்பு அப்படி ஊசி போட்டே எடுத்தது. இன்றும் என் மேஜையில் அதன் அச்சுப்படி இருக்கிறது, அவ்வளவு நேர்த்தி. ஆனால் சாயம் போன இடம்தான் தெரியும். திறக்காத குழாய், பாதியில் நின்ற முளை, ஓட்டமே தொடங்காத கரு எதுவும் அதில் அகப்படாது. குழாய் உருவாவதில் கோளாறு உள்ள மியூட்டண்ட்டில் நமக்குத் தேவைப்படுவதே அவைதாம்.

2002இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் நேதன் லாசனும் பிரான்ட் வைன்ஸ்டைனும் இந்தச் சிக்கலை அவிழ்த்தார்கள். குழாய்ச் சுவர் செல்களில் வேலை செய்யும் ஃப்ளை1 மரபணுவின் புரோமோட்டரை (மரபணுவை இயக்கும் விசைப்பகுதியை) எடுத்து, அதன் பின்னால் பச்சை ஒளிர்புரதத்தின் மரபணுவை ஒட்டி, மீனின் மரபுத்தொகுதிக்குள் நிலையாகச் சேர்த்தார்கள். எந்தச் செல் குழாய்ச் சுவராகப் போகிறதோ அது இரத்தம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பச்சையாக ஒளிரும். இந்த மீனின் மதிப்பு முழுக்க அந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது.

வாங்கியவுடன் என்ன பார்ப்பது? முட்டையிட்டு இருபது மணி நேரம் ஆன கருவை எடுங்கள். இரண்டு கூர்முனை இடுக்கியால் முட்டையின் மேல்உறையைக் கிழித்து வெளியே விடுங்கள். ட்ரைகேய்ன் கலந்த நீரில் மயங்கியதும், இளஞ்சூட்டில் உள்ள அகரோஸில் பக்கவாட்டில் படுக்க வைத்து, உறைவதற்குள் கண்ணிமை முடி ஒட்டிய குச்சியால் நேராக்குங்கள். தண்டின் நடுப்பகுதியில் நாண்தண்டுக்குக் கீழே பெருந்தமனி பச்சைக் கோடாகப் போகும். அதன் மேல் விளிம்பில், இரண்டு தசைக்கட்டங்கள் சந்திக்கும் ஒவ்வோர் எல்லையிலும் ஒரு செல் மெல்ல மேலே தலை தூக்கும். நுனியில் மெல்லிய விரல்கள் நீளும், மடங்கும், மறுபடி வேறு பக்கம் நீளும். பாகற்கொடியின் பற்றுக்கம்பி பந்தலைத் தேடுவதை வேகமாக ஓட்டிப் பார்ப்பது போல இருக்கும். சில மணி நேரத்தில் அது தண்டுவடத்தின் மேல்புறத்தை எட்டி, முன்னும் பின்னும் பிரிந்து, பக்கத்துக் கிளையோடு கைகோத்து நீளவாக்கில் ஒரு குழாயாகிவிடும். முப்பது மணி நேரத்துக்குள் முக்கால்வாசிக் காட்சி முடிந்துவிடும். எத்தனை தரம் படம் எடுத்தாலும் அந்த நுனிச் செல் திசை மாற்றும் கணத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்தக் கிளைகள்தான் மரபணுக்களைச் சோதிக்கும் களம். பிளெக்சின் டி1 என்ற ஏற்பி பழுதான மியூட்டண்ட்டில் கிளைகள் எல்லை மீறி, போகக்கூடாத தசைக்கட்டத்துக்குள் எல்லாம் புகும். தசையிலிருந்து வரும் செமாஃபோரின் என்ற புரதம் "இங்கே வராதே" என்று சொல்வது அதற்குக் கேட்பதில்லை. பக்கத்துச் செல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நாட்ச் சமிக்ஞையை அறுத்தால் நுனியாகக் கூடாத செல்களும் நுனியாகத் துள்ளி, கிளை பெருகும். குழாய் வளர்ச்சியைத் தூண்டும் வெஜ்எஃப் புரதத்தின் ஏற்பியைத் தடுக்கும் எஸ்.யூ.5416 மருந்தைக் கருவின் நீரில் கலந்தால் கிளை எழவே எழாது. முதுநிலை மாணவர்களுக்கு நான் முதலில் செய்யச் சொல்வது இந்த மருந்துச் சோதனையைத்தான். மறுநாள் காலையில் மருந்து போட்டது, போடாதது என்ற இரண்டு தட்டுகளையும் ஒளிர்நுண்ணோக்கியில் அடுத்தடுத்துப் பார்த்தால் விளக்கமே தேவைப்படாது.

இங்கே மீன் என்ற தேர்வின் அருமையும் சொல்ல வேண்டும். எலியில் வெஜ்எஃப் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று போனாலே கரு வயிற்றிலேயே இறந்துவிடும் என்று 1996இல் இரண்டு குழுக்கள் காட்டின. பார்ப்பதற்கு முன்பே கரு அழுகிவிடும். மீன் கரு மிகச் சிறியது, தோல் வழியாகவே ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளும். இதயமே துடிக்காத மியூட்டண்ட் கூடச் சில நாட்கள் உயிரோடு கிடக்கும். குழாய் இல்லாததால் என்ன ஆகிறது, குழாய் இல்லாததற்குக் காரணம் என்ன என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேட்க முடிவது அதனால்தான்.

க்ளோஷ் மியூட்டண்ட்டை இந்த மீனோடு கலந்து பார்த்தவர்களுக்கு அதன் வலிமை புரியும். 1995இல் விவரிக்கப்பட்ட இந்த மியூட்டண்ட்டில் குழாய்ச் சுவர் செல்களும் இரத்த அணுக்களும் ஏறத்தாழ இல்லை. இரண்டும் ஒரே அடியில் போகின்றன. ஃப்ளை1 பின்னணியில் பார்த்தால் தண்டு முழுக்க இருட்டு, வால் பக்கம் மட்டும் சில பச்சைச் செல்கள் சிதறிக் கிடக்கும். இரத்தமும் குழாயும் ஒரே முன்னோடிச் செல்லிலிருந்து வருகின்றனவோ என்று கோழிக் கருவைப் பார்த்து ஃப்ளாரன்ஸ் சேபின் என்ற ஆய்வாளர் காலத்திலேயே, அதாவது 1920 வாக்கிலேயே, எழுந்த எண்ணத்துக்கு மரபியலில் கிடைத்த பலமான பிடிமானம் இது. அந்த மரபணு எது என்று பிடிக்க இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. குரோமோசோம் 13இன் கடைக்கோடியில் அது உட்கார்ந்திருந்ததால் யார் கைக்கும் எளிதில் சிக்கவில்லை. டிடியே ஸ்டைனியர் குழு 2016இல் கண்டுபிடித்துச் சொன்னது: என்.பாஸ்4எல். அதுதான் மேலே நின்று ஈ.டி.வி.2, டால்1 என்ற மரபணுக்கள் இரண்டையும் தட்டி எழுப்புகிறது. ஈ.டி.வி.2 செல்லைக் குழாய் வழியில் இழுக்கிறது. டால்1 தன் கூட்டாளி எல்.எம்.ஓ.2வோடு சேர்ந்து இரத்த வழியைத் திறக்கிறது. அதற்குக் கீழே காட்டா1, பி.யு.1 என்ற இரண்டு மரபணுக்கள் போட்டி போடும்: காட்டா1 வென்றால் சிவப்பணு, பி.யு.1 வென்றால் வெள்ளணு வகை. ஃப்ளை1 மரபணுவும் ஈ.டி.வி.2 சேர்ந்த ஈ.டி.எஸ். குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆகவே நம் மீனின் பச்சை இந்த ஏணியின் ஒரு படியிலிருந்துதான் வருகிறது. ஏணியின் மேல்படி முறிந்தால் பச்சையே வராது. அப்போது "செல் இல்லை" என்று எழுதுவதா, "செல் இருக்கிறது, ஃப்ளை1 எழவில்லை" என்று எழுதுவதா? இந்த மீன் மட்டும் அதற்குப் பதில் சொல்லாது. வேறு ஓர் அடையாளத்தோடு சரிபார்த்த பிறகே எழுதுங்கள்.

என் மனதுக்கு மிகவும் நெருக்கமான காட்சி ஒன்று உண்டு. முப்பது மணி நேரத்துக்குப் பிறகு, ஏறக்குறைய அறுபது மணி நேரம் வரை, பெருந்தமனியின் தரைப்பகுதியைக் கவனியுங்கள். சுவரில் தட்டையாக ஒட்டியிருந்த ஒரு செல் கீழ்ப்பக்கமாக வில்லாக வளையும். வளைந்து, உருண்டு, தமனிக்கும் சிரைக்கும் இடையிலுள்ள சந்துக்குள் நழுவி இறங்கும். இருபுறமும் உள்ள செல்கள் நெருங்கி வந்து இடைவெளியை மூடிக்கொள்ளும். ஒரு துளி இரத்தம் கசியாது. இறங்கிய செல் சிரைக்குள் புகுந்து வால் பகுதிக்குப் போய்த் தங்கும், பிறகு தைமஸுக்கும் சிறுநீரகத்துக்கும் குடியேறும். அந்த மீனின் வாழ்நாள் இரத்தம் முழுவதும் இப்படி இறங்கிய செல்களின் வாரிசுதான். பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தின் கிஸ்ஸாவும் ஹெர்போமெலும், கலிஃபோர்னியாவில் டிராவர் குழுவும் 2010இல் இதை உயிருள்ள மீனில் காட்டினார்கள். அதே ஆண்டில் எலியிலும் காட்டப்பட்டது. ரன்எக்ஸ்1 மரபணுவை முடக்கினால் செல் வளையத் தொடங்கும், ஆனால் முடிக்காமல் வெடித்துச் செத்துவிடும். மனிதர்களில் இதே ரன்எக்ஸ்1 கெட்டால் இரத்தப் புற்றுநோய் வரும் வழிகளில் ஒன்று திறக்கிறது. அதனால்தான் ஓர் அரை மில்லிமீட்டர் சதுரத்துக்குள் நடக்கும் இந்த வேலையை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. அதைப் படமெடுக்க, கே.டி.ஆர்.எல். என்ற வேறொரு குழாய் மரபணுவை வைத்து ஒளிரும் மீன் இன்னும் சுத்தமாக இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பாரிஸ் குழுவும் அந்த மரபணுவின் மீனைத்தான் பயன்படுத்தியது.

இனி அந்த அரை மதிப்பெண்.

முதலாவது, பச்சை செல் முழுக்க நிரம்பியிருக்கும். பக்கத்துப் பக்கத்துச் செல்களின் எல்லை தெரியாது. "கிளைக்கு எத்தனை செல்" என்ற கேள்விக்கு இதை வைத்து எண்ணாதீர்கள். அதற்கென்றே உட்கருவில் மட்டும் பச்சை வரும் ஒய்7 வகை இருக்கிறது. அதைத் தனியாக வாங்குங்கள். தலைப் பகுதியிலோ தாடையும் செவுளும் அமைக்கும் நரம்பு முகட்டுச் செல்களிலும் பச்சை வரும். இரண்டாம் நாள் முதல் அந்தப் பக்கத்தில் குருத்தெலும்பு பளீரென்று எரியும்போது அதற்குள் ஓடும் குழாயைத் தேடுவது கண்ணுக்குத் தண்டனை. மஞ்சள்கரு வேறு தானாகவே ஒளிரும். அதனால் தலைக் குழாய்களே உங்கள் கேள்வி என்றால் கே.டி.ஆர்.எல். மீனுக்கு மாறுவது நல்லது.

தமனியும் சிரையும் நிணக்குழாயும் ஒரே பச்சை. நிணக்குழாய் விஷயத்தில் இது குறையாகவும் வரமாகவும் இருக்கிறது: மீனுக்கும் நிணமண்டலம் உண்டு என்று 2006இல் காட்டப்பட்டதற்கு இந்த மீன் உதவியது. ஐந்தாம் நாளில் பெருந்தமனிக்கும் சிரைக்கும் இடையில், இரத்தமே ஓடாத ஒரு மெல்லிய பச்சைக் கோடு தெரியும். அதைச் சிரையின் கிளை என்று குறித்துக்கொண்டு வரும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டம் இருக்கிறதா என்று வெள்ளொளியில் ஒருமுறை பார்த்தாலே போதும்.

இரத்தம்தான் கேள்வி என்றால் இந்த ஒரு மீன் போதவே போதாது. ஓடும் சிவப்பணுக்கள் இதில் பச்சையாகத் தெரியாது. வேறு சில இரத்த அணுக்கள் மங்கலாக வந்து குழப்பும். சிவப்பணுக்கள் சிவப்பாக ஒளிரும் காட்டா1 மீனோடு கலந்து பிறந்த குஞ்சுகளை வைத்திருங்கள். பச்சைக் குழாய்க்குள் சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவது அப்போதுதான் தெரியும். ஓட்டம் நின்றதா, குழாய் இல்லையா, அணுவே இல்லையா என்ற மூன்றும் ஒரே பார்வையில் பிரியும். என்னைக் கேட்டால் கலப்பு இல்லாத ஃப்ளை1 தொட்டி ஒன்று, கலந்த தொட்டி ஒன்று என்று இரண்டும் இருப்பதே சரி.

இன்னொன்று மீனின் குறை இல்லை, ஆனால் இந்த மீனை வைத்துத்தான் அதிகம் நடந்திருக்கிறது. மார்ஃபோலினோ ஊசி போட்டு ஏதோ ஒரு மரபணுவை முடக்கி, பச்சைக் கிளைகள் குட்டையாக இருப்பதைப் படமெடுத்து, "இந்த மரபணு குழாய்க்கு இன்றியமையாதது" என்று எழுதிவிடுவது. 2015இல் லாசன் ஆய்வகமே பல மரபணுக்களில் மியூட்டண்ட்டையும் மார்ஃபோலினோவையும் ஒப்பிட்டு, முன்பு சொல்லப்பட்ட கோளாறுகளில் பெரும்பாலானவை மியூட்டண்ட்டில் வரவில்லை என்று அறிவித்தது. அதே ஆண்டில் ஸ்டைனியர் குழு ஈ.ஜி.எஃப்.எல்.7 மரபணுவில் மறுபக்கத்தைக் காட்டியது: மரபணுவையே வெட்டினால் உடன்பிறந்த வேறு மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்து ஈடு கட்டிவிடுகின்றன, ஊசியால் முடக்கினால் அந்த ஈடு வருவதில்லை. ஆகவே ஒரு பக்கம் மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுத முடியாது. குட்டைக் கிளை என்பது கரு மொத்தமாகத் தாமதமானாலும் வரும். தசைக்கட்டங்களை எண்ணி வயதைச் சரிபார்க்காமல் பச்சையை மட்டும் பார்த்த படங்களை நான் நம்புவதில்லை.

வளர்ப்பு எளிது. 28.5 டிகிரி நீர், பதினான்கு மணி நேர வெளிச்சம், ஆர்டீமியா உணவு. மாலையில் ஆணையும் பெண்ணையும் நடுவில் தடுப்பு வைத்து விடுங்கள், காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரே ஜோடியிடம் நூற்றுக்கணக்கில் முட்டை கிடைக்கும். மூன்று மாதத்தில் அடுத்த தலைமுறை. எங்கள் தொட்டிகளில் எத்தனையோ தலைமுறை ஓடியும் பச்சை மங்கவில்லை, இது பெரிய விஷயம். வேறு சில மீன் வகைகள் சில தலைமுறையில் திட்டுத் திட்டாகி ஏமாற்றிவிடும். நிறமி மறைக்காமல் இருக்க முதல் நாளிலேயே பி.டி.யு. கலக்க மறக்காதீர்கள். வளர்ந்த மீனிலும் பார்க்க வேண்டுமென்றால் நிறமே இல்லாத காஸ்பர் பின்னணிக்கு மாற்றுங்கள், உழைப்புக்குத் தகும். ஐரோப்பாவில் தானாக இரை தேடத் தொடங்காத கரு விலங்குச் சோதனைச் சட்டத்துக்குள் வராது என்பதால், முதல் ஐந்து நாளுக்குள் முடியும் வேலைகளைத் தாமதமின்றி நடத்தலாம். குழாய் வேலையில் பெரும்பகுதி அதற்குள்தான்.

கடைசியாக, வாங்கும் முறை. யூஜீனிலும் கார்ல்ஸ்ரூவிலும் மீன் வகைகளைச் சேமித்து அனுப்பும் மையங்கள் இருக்கின்றன. நண்பர்களின் ஆய்வகத்திலிருந்தும் கேட்டு வாங்கலாம். ஆய்வகத்திலிருந்து வாங்கினால் ஒரு முறைக்கு இருமுறை கேளுங்கள். பெயர் சொல்ல விரும்பாத ஓர் இடத்திலிருந்து எங்களுக்கு வந்த மீன்களில் இதயத்திலும் தனியாகப் பச்சை எரிந்தது. வேறு வகையோடு எப்போதோ கலந்திருக்கிறது, யாரும் பதிவேட்டில் எழுதவில்லை. பிரித்துச் சுத்தமாக்கவே பல மாதம் போயிற்று. வளர்ந்த மீனாக வாங்காமல், ப்ளீச் நீரில் மேற்பரப்பைச் சுத்தம் செய்த கருவாக வாங்குங்கள். பிற தொட்டிகளின் நோய் உங்கள் மீன் அறைக்குள் வரும் வாய்ப்பு குறையும். குஞ்சு வெளிவந்ததும் தலை, தண்டு, வால் மூன்றையும் கன்ஃபோகலில் ஒருமுறை முழுதாகப் படமெடுத்து, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தலைமுறைகளை அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சோதனைக்கு எடுங்கள்.